வாடிக்கையாளர் தகவலைச் சட்டப்படி கையாள்வது எப்படி? மலையூர்க் காட்டேஜ்களுக்கும் இ-சேவை மையங்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியில் இ-சேவை மையமும் ஜெராக்ஸ் கடையும் நடத்துகிறேன். வீட்டை ஒட்டிய இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு விடுகிறோம். தரவுப் பாதுகாப்பு விதிகள் வெளியானதும் என் கடையிலும் அறைகளிலும் இந்த வேலையைச் செய்து முடித்தேன். அப்புறம் குன்னூர், ஊட்டிப் பக்கம் தெரிந்த காட்டேஜ்காரர்கள் சிலருக்கும் கூட உட்கார்ந்து செய்து கொடுத்தேன்.

ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறினார்கள். முதல் நாளே இணையத்திலிருந்து ஒரு தனியுரிமைக் கொள்கையை இறக்கி, பெயரை மட்டும் மாற்றி, பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். அலமாரியில் நாலு வருடத்து ஆதார் நகல்கள் அப்படியே இருந்தன. சுவரில் ஒட்டும் காகிதம் இந்த வேலையின் நடுவில் வருவது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில உண்டு. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. முதலில் தேதிகளும் வரம்பும்

நமக்கான சட்டத்தின் பெயர் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அரசிதழில் வந்தன. புகார்களை விசாரித்து அபராதம் விதிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியம் பற்றிய பகுதி உடனே நடைமுறைக்கு வந்தது. நம்மை நேரடியாகத் தொடும் பகுதிகளான அறிவிப்பு, ஒப்புதல், பாதுகாப்பு, அழித்தல், கசிவைத் தெரிவித்தல் ஆகியவற்றுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அது 2027 மே மாதத்தில் முடிகிறது. அதுவரை சும்மா இருக்கலாம் என்று நினைக்க வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டமும் ஆதார் சட்டமும் இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கின்றன.

"இரண்டு அறை வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்டவர்கள் நிறையப் பேர். இத்தனை லட்சத்துக்குக் கீழே வியாபாரம் செய்பவருக்குப் பொருந்தாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. சில வகையினருக்குச் சில பிரிவுகளிலிருந்து அரசு விலக்கு அளிக்கலாம். அப்படி அறிவிக்கும்வரை சிறியவர் பெரியவர் எல்லோரும் ஒன்றுதான். பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். மீறல் எவ்வளவு கடுமையானது, எத்தனை நாள் நீடித்தது என்பதையெல்லாம் பார்த்து வாரியம் தொகையை முடிவு செய்யும். ஒரு காட்டேஜுக்கு அந்த உச்சத்தொகை போடுவார்கள் என்று சொல்லிப் பயமுறுத்த மாட்டேன். ஆனால் நம்மை நம்பி ஆதாரைக் கொடுத்தவருக்கு நேரும் கஷ்டத்துக்கு வியாபாரத்தின் அளவு ஒரு பொருட்டில்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நோட்டில் பேனாவால் எழுதி நோட்டிலேயே இருக்கும் தகவலை இந்தச் சட்டம் தொடாது. அதே பக்கத்தைப் போனில் படம் பிடித்துவிட்டால் தொடும். மழையில் நெட்வொர்க் போய்விடுகிறது என்று நோட்டில் எழுதி, ராத்திரி படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பும் வழக்கம் நம் பக்கம் அதிகம். அந்தப் படம் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது.

2. கையில் இருக்க வேண்டியவை

ஒரு புது நோட்டு. பூட்டுள்ள ஓர் அலமாரி. காகிதம் கிழிக்கும் சின்ன மெஷின், இல்லாவிட்டால் ஒரு நல்ல கத்தரிக்கோல். உங்கள் உரிமத்தின் நகல், ஏனென்றால் விருந்தினர் பதிவேடு பற்றிய நிபந்தனை அதில் இருக்கலாம். கடையில் பயன்படும் ஒவ்வொரு இமெயிலின் பாஸ்வேர்டு. வேலை செய்யும் எல்லோரும் அவரவர் போனோடு ஒரு மத்தியானம் கூடி உட்கார வேண்டும்.

சீசனில் தொடங்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஒருவருக்கும் உட்கார நேரம் இருக்காது. ஜூன், ஜூலையில் கூட்டம் குறைந்திருக்கும்போது தொடங்கினால், செப்டம்பரில் இரண்டாம் சீசன் வருவதற்குள் புது வழக்கம் கைக்குப் பழகிவிடும்.

3. தகவல் எங்கெங்கே கிடக்கிறது? பட்டியல் போடுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஆகும். இதைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்து செய்ய வேண்டியதாயிற்று. நம்மிடம் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் எதைப் பூட்டுவது, எதை அழிப்பது?

நோட்டில் நாலு கட்டம் போடுங்கள். என்ன தகவல், யாருடையது, எங்கே இருக்கிறது, யார் கைக்கு எட்டும். அப்புறம் வரவேற்பு மேசையிலிருந்து கிளம்பி வீடு முழுக்க நடந்து பாருங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து யோசித்து எழுதினால் பாதி விட்டுப்போகும். நான் முதல் தடவை உட்கார்ந்து எழுதியபோது 7 இடம் வந்தது. எழுந்து நடந்து பார்த்ததில் 19 ஆனது.

விருந்தினர் பதிவேட்டில் தொடங்குங்கள். திறந்தபடி மேசைமேல் கிடக்கும். இன்று கையெழுத்துப் போடுகிறவர் நேற்று வந்த குடும்பத்தின் பெயர், போன் எண், ஊர் எல்லாவற்றையும் படிக்கலாம். தனியாகப் பயணம் வந்த ஒரு பெண்ணின் எண்ணை இப்படிப் பார்த்து வைத்துக்கொண்டு ஒருவர் ராத்திரி கூப்பிட்டார் என்று ஒரு காட்டேஜ்காரர் என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவருக்கே குரல் கம்மியது.

அடுத்தது வாட்ஸப். பெரும்பாலான அடையாள அட்டைகள் இன்று ஜெராக்ஸாக வருவதில்லை, போட்டோவாக வருகின்றன. அந்த ஒரு போட்டோ எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சாட்டில் ஒன்று, கேலரியில் ஒன்று, கேலரி தானாக கூகுள் போட்டோஸுக்கு ஏற்றியது ஒன்று, வாட்ஸப் பேக்கப்பில் ஒன்று, மேனேஜருக்கு ஃபார்வேர்ட் செய்தது ஒன்று. சீசனுக்கு மட்டும் வந்து போன பையனின் சொந்தப் போனில் வாங்கியிருந்தால், அவன் ஊருக்குப் போகும்போது அதுவும் கூடவே போயிருக்கும். பணியாளர்களோடு உட்காரச் சொன்னது இதற்காகத்தான். ஒவ்வொருவரும் தன் கேலரியில் தேடும் கட்டத்தில் "ஆதார்" என்று அடித்துப் பார்க்கட்டும். படத்தில் உள்ள எழுத்தைப் பல போன்கள் தேடித் தரும். திட்டாதீர்கள். நாம் சொல்லித்தான் வாங்கினார்கள்.

பிறகு கம்ப்யூட்டர். டவுன்லோட்ஸ் போல்டரைத் திறந்தால் இ-ஆதார் பிடிஎஃப்கள் வரிசையாக நிற்கும். "அதுக்குப் பாஸ்வேர்டு இருக்கே" என்பார்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான் அந்தப் பாஸ்வேர்டு. பெயரும் வயதும் தெரிந்த யாரும் திறந்துவிடலாம். வாடிக்கையாளர் பிரின்ட் எடுக்க வந்து திறந்த இமெயிலும் வாட்ஸப் வெப்பும் மூடாமல் விட்டபடியே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெரிய ஜெராக்ஸ் மெஷின்களில் ஹார்ட் டிஸ்க் உண்டு, ஸ்கேன் செய்தது அதில் தங்கலாம். மெஷினை விற்கும்போதோ வாடகைக்கு விட்டவரிடம் திருப்பும்போதோ இதை யாரும் நினைப்பதில்லை. பட்டியலில் எழுதுங்கள்.

கடைசியாகக் குப்பைக்கூடை. சரியாக விழாத ஆதார் ஜெராக்ஸ்கள் பழைய பேப்பர் கட்டோடு சேர்ந்து எடைக்குப் போகின்றன. அங்கிருந்து வேர்க்கடலைப் பொட்டலமாகத் திரும்பி வருகின்றன. ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் சூடாகக் கடலை வாங்கிக் காகிதத்தைப் பிரித்தபோது, யாரோ ஒரு பாட்டியின் குடும்ப அட்டை நகல் கையில் இருந்தது. அன்றைக்கே கடைக்குத் திரும்பி என் கழிவுக் காகிதக் கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். அதிலும் அப்படிப் பல இருந்தன.

சிசிடிவி, விருந்தினருக்காக டாக்ஸிக்காரரிடம் கொடுத்த எண்கள், பணியாளர்களின் ஆதாரும் வங்கிக் கணக்கும், கணக்கரிடம் போன பில்கள் ஆகியவற்றையும் மறக்காமல் சேருங்கள்.

4. ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் எழுதுங்கள்

ஐந்தாவது கட்டம் ஒன்று போட்டு, "எதற்கு?" என்று தலைப்பு வையுங்கள். பதில் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முதலாவது, சட்டம் கேட்கிறது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அலுவலகத்துக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். ஃபார்ம் சி என்று நம் பக்கம் எல்லோரும் சொல்வது அதைத்தான். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் கணக்குகளை ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். சட்டப்படி அரசுக்குத் தர வேண்டிய தகவலுக்குத் தனி ஒப்புதல் தேவையில்லை.

இரண்டாவது, சேவைக்குத் தேவை. முன்பதிவுக்குப் பெயரும் போன் எண்ணும், இடம் ஒதுக்க வண்டி எண்ணும். குறிப்பிட்ட ஒரு காரியத்துக்காக ஒருவர் தானே முன்வந்து தரும் தகவலை, அவர் மறுப்புச் சொல்லாதவரை, அந்தக் காரியத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம் என்று தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு சொல்கிறது.

மூன்றாவது, பழக்கம். "எப்பவும் வாங்குவோம்", "பக்கத்து காட்டேஜிலும் வாங்குறாங்க". இந்தப் பதில் வந்த வரிகளைச் சிவப்பு மையால் சுழியுங்கள். பெரும்பாலான நோட்டுகளில் பாதிக்கு மேல் சிவப்பாகத்தான் இருந்தது.

இங்கே ஒரு தவறு நடக்கும். ஆதார் நகலுக்கு எதிரே "போலீஸ் கேட்பார்கள்" என்று எழுதி முதல் வகையில் சேர்த்துவிடுவார்கள். போலீஸ் கேட்பது யார் தங்கினார் என்ற பதிவையா, அட்டையின் நகலையா? உரிமத்தைப் படியுங்கள். நிலையத்திலும் நேரில் போய்க் கேளுங்கள். நகல் வேண்டும் என்றால் எந்த உத்தரவுப்படி, எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்கி அதே நோட்டில் ஒட்டி வையுங்கள்.

5. வாங்குவதைக் குறையுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி என்பது என் எண்ணம். வாங்காத தகவலைப் பூட்ட வேண்டாம், அழிக்க வேண்டாம், தொலைத்துவிட்டோமே என்று யாருக்கும் போன் போட வேண்டாம்.

இதற்குச் சட்டத்திலேயே இன்னொரு காரணமும் இருக்கிறது. கையாண்ட தகவலையும் அதன் பதிவுகளையும் குறைந்தது 1 ஆண்டு வைத்திருக்கச் சொல்லும் பகுதி ஒன்று புது விதிகளில் உண்டு. அது நடைமுறைக்கு வந்தபின், "வாங்கிக்கொண்டு மறுநாளே அழித்துவிடுகிறேன்" என்ற வழி எளிதாக இருக்காது. வாங்குகிறீர்கள் என்றால் ஒரு வருடம் காவலுக்கும் பொறுப்பேற்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடையாள அட்டையைக் கையில் வாங்கி, முகத்தோடு ஒப்பிட்டு, பெயர் சரிதானா என்று பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். பதிவேட்டில் "ஓட்டுநர் உரிமம் பார்க்கப்பட்டது" என்று ஒரு வரி போதும். ஆதார் மட்டும்தான் வேண்டும் என்று தனியார் அடம் பிடிக்கக் கூடாது. ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை எதைக் காட்டினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆதாரைத்தான் காட்டுகிறார் என்றால், முதல் 8 இலக்கம் மறைத்துக் கடைசி 4 மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கேளுங்கள். மைஆதார் தளத்தில் அவரே இறக்கிக்கொள்ளலாம். ஆஃப்லைன் முறையில் ஆதாரைச் சரிபார்க்கும் நிறுவனம் ஆதார் எண்ணைச் சேர்த்து வைக்கக் கூடாது என்று ஆதார் சட்டத்தின் 8ஏ பிரிவு சொல்கிறது. முழு எண்ணைப் பதிவேட்டில் எழுதும் வழக்கத்தை இன்றைக்கே நிறுத்துங்கள்.

நகல் எடுத்தே ஆக வேண்டிய இடத்தில், நகலின் குறுக்கே தேதியும் காரணமும் எழுதச் சொல்லுங்கள். "இன்ன காட்டேஜில் தங்க மட்டும்" என்று குறுக்கே எழுதிய நகலைக் கொண்டுபோய் சிம் வாங்குவதோ கடன் வாங்குவதோ சுலபமில்லை.

இ-பாஸ், அதாவது வண்டியில் மலைக்கு வருபவர் ஆன்லைனில் எடுக்கும் நுழைவு அனுமதி, அந்த விஷயமும் இதில் வரும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் கட்டாயமானது. "அண்ணா, நீங்களே போட்டுக் குடுத்துடுங்க" என்று விருந்தினர் சொல்வார், நாமும் உதவியாகத்தான் நினைப்போம். ஆனால் அதற்காக அவருடைய முகவரி, வண்டி எண், வரும் தேதி, ஓடிபி எல்லாம் நம் போனுக்கு வந்துவிடும். இணைப்பை அனுப்பி, எப்படிப் போடுவது என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள், அவரே போட்டுக்கொள்வார். சோதனைச்சாவடியில் காட்டிவிட்டு வந்த இ-பாஸின் படத்தை நம் வாட்ஸப்பில் வாங்கி வைப்பதற்கும் காரணம் ஒன்றும் இல்லை.

6. இப்போது அறிவிப்பை எழுதுங்கள்

நாலாவது, ஐந்தாவது படி முடிந்திருந்தால் இது அரை மணி நேர வேலை. நோட்டில் மிச்சம் இருக்கும் வரிகளே அறிவிப்பாகிவிடும். எந்தத் தகவல், எதற்கு, ஒப்புதலை எப்படித் திரும்பப் பெறுவது, உரிமைகளை எப்படிக் கேட்பது, வாரியத்திடம் எப்படி முறையிடுவது ஆகியவை இருக்க வேண்டும். வாடகை நிபந்தனைகளோடு கலக்காமல் தனியாகப் படிக்கும்படி இருக்க வேண்டும். எங்கள் அறைகளில் இருப்பது இது:

"தங்குவதற்காக உங்களிடம் பெறுவது: பெயர், ஊர், போன் எண், வண்டி எண். முன்பதிவுக்கும் அவசரத்தில் தொடர்புகொள்ளவும் பதிவேட்டுக்கும் மட்டும் பயன்படும். அடையாள அட்டையைப் பார்த்துத் திருப்பித் தருவோம், நகல் எடுப்பதில்லை. வெளிநாட்டவர் பாஸ்போர்ட், விசா விவரங்கள் சட்டப்படி அரசுக்கு அனுப்பப்படும். வாசலிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் கேமரா உண்டு. உங்கள் தகவலைப் பார்க்க, திருத்த, அழிக்கச் சொல்ல, கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெற கீழே உள்ள எண்ணுக்குச் செய்தி அனுப்புங்கள். எங்கள் பதில் திருப்தி தராவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் முறையிடலாம்."

ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்பது சட்டம். நமக்கு வருபவர்களில் கேரளத்தவரும் கர்நாடகத்தவரும் அதிகம் என்பதால் தமிழ், ஆங்கிலம், மலையாளம், கன்னடம் நான்கிலும் வைத்தோம். முன்பதிவை உறுதிசெய்யும் செய்தியிலேயே இதை அனுப்பிவிடுங்கள். அறைக்கு வந்தபின் சுவரில் படிப்பவருக்கு அது தாமதம், தகவலை ஏற்கெனவே கொடுத்திருப்பார்.

7. ஒப்புதல் எங்கே வேண்டும்

"சீசன் ஆஃபர்" என்று பழைய விருந்தினர் எல்லோருக்கும் பிராட்காஸ்ட் அனுப்புகிறோமே, அங்கே வேண்டும். தங்குவதற்காகக் கொடுத்த எண்ணை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது வேறு காரியம். தனியாகக் கேளுங்கள். ஆம் என்று அவரே சொல்ல வேண்டும், முன்னாலேயே டிக் போட்ட கட்டம் செல்லாது. "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை அனுப்பினால் அன்றே நீக்குங்கள். கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும்.

விருந்தினரின் எண்ணை டாக்ஸிக்காரருக்கோ வழிகாட்டிக்கோ கொடுக்கும் முன்னும் கேளுங்கள். டாக்ஸிக்காரரின் எண்ணை விருந்தினருக்குக் கொடுத்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இந்தச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள். சரிபார்க்கக்கூடிய வகையில் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். கேம்ப் ஃபயர் அருகே ஆடும் பிள்ளைகளை வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவதை விட்டுவிடுங்கள். நமக்கு அது விளம்பரம். அந்தப் பிள்ளை எந்த ஊர், எந்த நாளில் எங்கே தங்கியிருக்கிறது என்பது ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது. குழந்தைகளுக்கு அடையாள அட்டையும் கேட்க வேண்டாம், எத்தனை பேர் என்ற எண்ணிக்கை போதும்.

8. பூட்டுங்கள்

காட்டேஜுக்கென்று ஒரு போன், ஒரு எண். முன்பதிவு அதில் மட்டும். பணியாளரின் சொந்தப் போனில் ஒன்றும் வாங்கக் கூடாது. இதைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அந்தப் போனில் திரைப்பூட்டு போடுங்கள். வாட்ஸப் படங்கள் கேலரிக்குப் போகாதபடி அமைப்பை மாற்றுங்கள். கூகுள் போட்டோஸ் பேக்கப் பட்டியலில் வாட்ஸப் போல்டரை நிறுத்துங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். தொலைந்தால் தூரத்திலிருந்தே அழிக்கும் வசதி வேலை செய்கிறதா என்று ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள், தொலைந்த அன்று கற்றுக்கொள்ள முடியாது.

பதிவேட்டில் ஓர் அட்டையை வெட்டி வைத்து, இன்றைய வரி மட்டும் தெரியும்படி செய்யுங்கள். பழைய பதிவேடுகள் அலமாரிக்குள் போகட்டும். நம் மலை ஈரத்தில் காகிதம் பூசணம் பிடித்து ஒட்டிக்கொள்ளும். வைத்தே ஆக வேண்டிய பதிவேட்டைப் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். சட்டம் கேட்டதைப் படிக்க முடியாமல் அழியவிடுவதும் தவறுதான்.

கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு லாகின் வையுங்கள். ஒரே பாஸ்வேர்டை எல்லோரும் பயன்படுத்தினால், யார் எதைத் திறந்தார் என்று பின்னால் சொல்ல முடியாது. யார் எப்போது பார்த்தார் என்ற பதிவையும் 1 ஆண்டு வைத்திருக்க விதிகள் கேட்கின்றன.

9. இ-சேவை மையம் நடத்துபவர்களுக்கு மட்டும்

சான்றிதழ் வழங்குவது அரசு. நாம் அதன் சார்பில் தகவலைக் கையாளும் கை. ஆகவே விண்ணப்பம் போன பிறகு ஒரு நகல்கூட நம்மிடம் தங்க வேண்டிய காரணம் இல்லை. ஸ்கேன் செய்த கோப்பை ஒப்புகைச் சீட்டு வந்தவுடன் அழியுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். "திரும்ப வந்தால் உதவுமே" என்று ஆள் பெயரில் போல்டர் போட்டு வைத்திருந்தவன் நான். அந்தப் போல்டரில் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் சாதி, வருமானம், நிலம் எல்லாம் இருந்தன.

கேன் எண் (இ-சேவையில் விண்ணப்பிக்க ஒவ்வொருவருக்கும் போடும் குடிமக்கள் பதிவு எண்) பதிவில் நடக்கும் தவறை அடுத்துச் சொல்ல வேண்டும், அது ஆட்களை வருடக்கணக்கில் அலைய வைக்கிறது. போன் இல்லாத முதியவர் வந்தால், வேலை முடியட்டும் என்று மையத்துக்காரர் தன் சொந்த எண்ணைக் கொடுத்து ஓடிபி வாங்கிப் பதிந்துவிடுகிறார். அதற்கப்புறம் அந்த முதியவர் சம்பந்தமான ஓடிபியும் நிலவரமும் மையத்துக்காரருக்கே வரும். முதியோர் உதவித்தொகைக்காக ஒரு பாட்டி என் கடைக்கு வந்தார். அவர் கேன் எண்ணோடு இருந்த போன் எண் யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை. விசாரித்தால், மூடிப்போன ஒரு கடைக்காரருடையது. ஆளைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அந்த எண்ணை மாற்றிக் கொடுக்கும்வரை பாட்டி எஸ்டேட் பக்கமிருந்து நாலு முறை பஸ் ஏறி வந்தார். மகனோ, பேத்தியோ, பக்கத்து வீட்டுக்காரரோ, அவர் நம்புகிற ஒருவரின் எண்ணை அவரிடமே கேட்டுப் பதியுங்கள். யாருடைய எண் என்று சீட்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள்.

உங்கள் மைய லாகினை உறவினருக்கும் கொடுக்காதீர்கள். விரல்ரேகை வைக்கச் சொல்லும்போது எதற்கு என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு அதுதான் அறிவிப்பு.

10. மற்றவர் கையில் இருப்பவை

முன்பதிவு சாஃப்ட்வேர், கணக்கர், கேமரா பொருத்தியவர். உங்களுக்காகத் தகவலைக் கையாளுபவர் செய்யும் தவறுக்கும் சட்டப்படி நீங்கள்தான் பொறுப்பு. அவரோடு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். எதற்குப் பயன்படுத்தலாம், எப்போது அழிக்க வேண்டும், கசிந்தால் எத்தனை மணி நேரத்தில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்ற மூன்றும் அதில் இருந்தால் தொடங்கலாம். கேமரா பொருத்தியவர் வைத்துவிட்டுப் போன பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். பல இடங்களில் அது இன்னும் அவர் போனில் திறக்கிறது.

11. அழியுங்கள்

ஒவ்வொரு வகைக்கும் ஒரு நாள் குறியுங்கள். பில்லுக்கு 72 மாதம். முன்பதிவு விவரத்துக்கு 1 ஆண்டு. கேமராப் பதிவு டிஸ்க் நிறைந்ததும் தானாக மேலெழுதும், எத்தனை நாளில் என்று மட்டும் தெரிந்து வையுங்கள். பழக்கத்தால் சேர்ந்த பழைய ஆதார் நகல்களை இந்த மத்தியானமே கிழிக்கலாம். வழக்கோ விசாரணையோ நிலுவையில் இருந்தால் அதற்கு உரியதை மட்டும் தனியே எடுத்து வையுங்கள்.

கிழிக்க வேண்டியதை அப்படியே அடுப்பில் போட்டு முடிக்க நினைப்பார்கள். கட்டாகப் போட்டால் நடுவில் உள்ளது வேகாமல் அப்படியே இருக்கும். முதலில் கிழியுங்கள். போனில் அழித்தால் கேலரியின் குப்பைத்தொட்டி, கூகுள் போட்டோஸின் குப்பைத்தொட்டி இரண்டையும் காலி செய்யுங்கள். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் அங்கே 60 நாள் வரை கிடக்கும்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை என்று ஒரு நாளை வைத்துக்கொண்டால் மறக்காது.

12. யாராவது கேட்டு வந்தால்

"என்னைப் பற்றி உங்களிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. திருத்தச் சொல்லவும் அழிக்கச் சொல்லவும் உரிமை உண்டு. விதிகள் குறைதீர்ப்புக்குத் தரும் உச்ச அவகாசம் 90 நாள். நம் அளவுக்கு ஒரு வாரமே தாராளம், நோட்டு சரியாக இருந்தால் பத்து நிமிடம். கேட்பவர் அவர்தானா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். "என் தங்கை உங்க காட்டேஜ்லதான் தங்கியிருக்காளா?" என்று போனில் கேட்பவருக்கு, எவ்வளவு உருக்கமாகக் கேட்டாலும், ஆம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள். விருந்தினரிடம் சொல்லி அவரையே கூப்பிடச் சொல்லுங்கள். போலீஸ் கேட்டால் பதிவேட்டைக் காட்டலாம். யார், எந்த நிலையம், எதற்காகப் பார்த்தார் என்று எழுதிவையுங்கள்.

13. கசிந்துவிட்டால்

காட்டேஜ் போன் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்துவிடும் என்று சாயங்காலம்வரை காத்திருப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

முதலில் வேறொரு போனிலிருந்து அதைப் பூட்டுங்கள், அழியுங்கள். சிம்மை நிறுத்துங்கள். அதே எண்ணுக்கு வாங்கிய புது சிம்மில் வாட்ஸப்பைத் திறந்தால் பழைய போனில் அது மூடிக்கொள்ளும். போலீஸில் புகார் கொடுத்து, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனையே முடக்குங்கள்.

அடுத்து நோட்டைத் திறந்து, அந்தப் போனில் யார் யாருடைய என்ன தகவல் இருந்தது என்று பாருங்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். என்ன நடந்தது, என்ன போயிருக்கலாம், நாம் என்ன செய்தோம், அவர் என்ன செய்ய வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்று எளிய தமிழில் எழுதுங்கள். ஆதார் போயிருந்தால் ஆதார் உதவி எண் 1947-ஐக் கூப்பிட்டு உதவி கேட்கலாம், விரல்ரேகையை மைஆதார் தளத்தில் பூட்டலாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930.

வாரியத்துக்கும் உடனே தெரிவித்து, 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் தர வேண்டும் என்பது புது விதி. கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் உத்தரவு, கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்கச் சொல்கிறது. இமெயில் ஹேக் ஆனதும் தகவல் கசிந்ததும் அதில் அடங்கும்.

இந்த எண்களையும் வரிசையையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால், தொலைந்த அன்று அதுவும் சேர்ந்து போயிருக்கும்.